ஏகாம்பரம் பார்க்காத சக்கரம்

நிற்கவே நிற்காத சக்கரம் ஒன்றை ஏகாம்பரம் கண்டுபிடித்திருக்கிறான் என்பது ஊருக்கே தெரியும். அது ஓடுவதைப் பார்க்காத ஒரே ஆள் அந்த ஊரில் ஏகாம்பரம்தான்.

சாலவாக்கத்துக்குப் பக்கத்தில், ஏரியை நம்பி நெல் போடுகிற சின்ன ஊர். ஏகாம்பரம் வீட்டு மாட்டுக் கொட்டகையின் ஒரு மூலையில் அந்தச் சக்கரம் இருந்தது. அவன் அப்பா ஓட்டிய கட்டை வண்டியின் சக்கரம். இரண்டு கம்பம் நட்டு, உத்திரமேரூர் பழைய இரும்புக் கடையில் வாங்கிய டிராக்டர் பேரிங்கை மாட்டி, அதில் சக்கரத்தைப் பூட்டியிருந்தான். ஆரக்கால் ஒவ்வொன்றிலும் பாதி மணல் நிரப்பிய தண்ணி பாட்டில் கட்டியிருந்தது. சக்கரம் சுற்றினால் பாட்டிலுக்குள் மணல் சரியும். சரிந்த பக்கம் கனக்கும். கனத்த பக்கம் கீழே இறங்கும். இறங்கினால் அடுத்த பாட்டிலில் மணல் சரியும். "இதுல நிக்கறதுக்கு எங்கமே எடம் கீது, நீயே சொல்லு" என்று அவன் கேட்டால், பெண்டாட்டி பவளத்துக்குப் பதில் தெரியாது. அது நின்றுவிடுகிறது என்பது மட்டும்தான் அவளுக்குத் தெரியும்.

அது நிற்கக் கூடாது என்பதும் அவளுக்குத் தெரியும். ஏன் என்று சொல்ல வேண்டுமானால் அந்த ஃபேன் வண்டிக் கதையைச் சொல்லியாக வேண்டும்.

போன தை மாதத்தில் ஏகாம்பரம் பெட்ரோல் இல்லாத வண்டி ஒன்று செய்தான். ஓட்டை மொபெட்டிலிருந்து இன்ஜினைக் கழற்றி எறிந்துவிட்டு, பின் சீட்டில் பேட்டரியையும் பெரிய ஃபேன் ஒன்றையும் கட்டினான். முன்னால் ஹேண்டில்பாரில், நெல் மூடுகிற தார்ப்பாயைப் பாய்மரம் மாதிரி விரித்துக் கட்டினான். ஃபேன் அடிக்கிற காற்றில் தார்ப்பாய் உப்பும், உப்பினால் வண்டி போகும். கேட்பவனுக்கு என்னமோ சரிதான் போலிருக்கும். வண்டி சாயாமல் இருக்க இரண்டு பக்கமும் குழந்தை சைக்கிள் சக்கரம். ஏரிக்கரைக்கு ஊரே வந்தது. ஃபேன் அடித்தது. தார்ப்பாய் ஒன்பது மாத வயிறு மாதிரி உப்பியது. வண்டி மட்டும் பிள்ளையார் மாதிரி உட்கார்ந்த இடத்தில் உட்கார்ந்திருந்தது. கொஞ்ச நேரம் கழித்து எதிர்க்காற்று ஒன்று வந்தது. வண்டி நகர்ந்தது, பின்பக்கமாக. அப்படியே கரைச் சரிவில் இறங்கி, ஏகாம்பரத்தையும் ஏற்றிக்கொண்டு ஏரிக்குள் போய் இடுப்பளவுத் தண்ணீரில் நின்றது. பேட்டரி சாகிற வரைக்கும் அந்த ஃபேன் ஏரித் தண்ணீரை வாரி அவன் முதுகிலேயே அடித்துக்கொண்டிருந்தது.

ஊர் சிரித்தது. சிரிக்காமல் என்ன செய்யும்? பவளமே முந்தானையைக் கடித்துக்கொண்டு சிரித்தாள். ஆனால் அன்றைக்கு வீட்டுக்கு வந்து சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்த மனிதன், பங்குனி பிறந்தும் வாயைத் திறக்கவில்லை. மாட்டோடு பேசுகிறவன், வரப்பில் நண்டைப் பார்த்தால் அதனிடமும் நாலு வார்த்தை கேட்கிறவன், சோறு வைத்தால் தின்றான், வைக்காவிட்டால் கேட்கவில்லை. வீட்டில் பிணம் கிடப்பது மாதிரி இருந்தது பவளத்துக்கு. சிரித்த வாயை அவள் தினமும் திட்டிக்கொண்டாள். அந்த முதுகை இன்னொரு தரம் பார்க்கத் தனக்குத் தெம்பில்லை என்பது அவளுக்கு நிச்சயமாகத் தெரிந்தது.

சித்திரையில் ஒரு நாள் தானாக எழுந்தான், வண்டிச் சக்கரத்தைப் பரணிலிருந்து இறக்கினான், பேச ஆரம்பித்தான். அவன் பேசுகிறானே என்ற சந்தோஷத்தில், எதைப் பற்றிப் பேசுகிறான் என்று பவளம் கேட்டுக்கொள்ளவே இல்லை.

சக்கரம் தயாரான அன்றைக்கு அதை ஒரு சுழற்று சுழற்றிவிட்டு எதிரே உட்கார்ந்து கண் கொட்டாமல் பார்த்தான். வெகு நேரம் சுற்றிவிட்டு அது நின்றது. மறுபடியும் சுழற்றினான், மறுபடியும் நின்றது. அவன் முகம் போன போக்கைப் பவளம் பார்த்தாள். அவன் தண்ணீர் குடிக்க எழுந்து உள்ளே போன நேரம், அவள் ஓடிப்போய் பலம் கொண்ட மட்டும் ஒரு தள்ளு தள்ளிவிட்டு வைக்கோலைப் பிடுங்குகிற மாதிரி நின்றுகொண்டாள். திரும்பி வந்தவன் வாசலிலேயே நின்றுவிட்டான். சக்கரம் ஜோராக ஓடிக்கொண்டிருந்தது.

"பாத்தியாமே! நான் இல்லாதப்ப ஓடுது!" என்றான். "மிஷின்ல ஒண்ணும் கோளாறு இல்ல. என் கண்ணுதான். கொழந்தைக்குச் சோறு ஊட்ட சொல்லோ பெத்தவளே உத்துப் பாக்கக் கூடாதுன்றாங்க இல்ல? செஞ்சவன் கண்ணு பட்டா மிஷின் மட்டும் ஓடுமா?"

அன்று மாலையே பவளத்தின் பழைய நைலக்ஸ் சேலை ஒன்றைத் திரையாகக் கட்டி அந்த மூலையை மறைத்தான். மேலே எலுமிச்சம்பழம், மிளகாய், படிகாரம். கம்பத்தில் ஒரு பூசணிக்காய். இனி தான் அந்தத் திரைக்குள் போவதில்லை என்று சொல்லிவிட்டான். மற்றவர்கள் பார்க்கலாம், ஆனால் ஒரு நேரத்தில் ஒருவர்தான் போக வேண்டும். நாலு கண் சேர்ந்து விழுந்தால் எந்த மிஷின்தான் தாங்கும் என்றான்.

அன்றிலிருந்து பவளத்துக்கு வேலை ஒன்று கூடியது. சாணி எடுக்கப் போனால் ஒரு தள்ளு. மாட்டுக்குத் தவிடு வைக்கப் போனால் ஒரு தள்ளு. கழனியிலிருந்து வந்ததும் ஏகாம்பரம் திரைக்கு இந்தப் பக்கம் நின்று, "ஓடுதா?" என்பான். அவள் உள்ளேயிருந்து தள்ளிக்கொண்டே "ஓடுது" என்பாள். "அப்ப சரி" என்று கை கால் கழுவப் போய்விடுவான். பொய்தான். பாவமென்றே அவள் நினைக்கவில்லை. அவன் பேசினான், சிரித்தான், நண்டை விசாரித்தான். அந்த ஒரு சக்கரத்தை வைத்து ஊருக்கே கரண்ட் கொடுக்கப் போவதாகச் சொன்னான். கொடுக்கட்டுமே, யார் வேண்டாம் என்றது?

செய்தி பரவியது. ஆட்கள் வந்தார்கள். மாவு மில் வைத்திருக்கும் தாமோதரன் தினமும் மில்லுக்குப் போகும்போதும் வரும்போதும் எட்டிப் பார்த்தான். ஏரிக்கோடிக் காலனியிலிருந்து களை எடுக்க வரும் அம்சா, காலையில் கழனிக்கு இறங்கும் முன் ஒரு தரம் உள்ளே போய் வந்தாள். பள்ளிக்கூடத்தில் சயின்ஸ் நடத்தும் தமிழ்ச்செல்வி டீச்சர் முதல் நாள் சிரித்துக்கொண்டே வந்தவர், உள்ளே போய்விட்டு முகம் வெளிறி வந்தார். அப்புறம் அவரும் நாள் தவறுவதில்லை. யார் போனாலும் உள்ளே கொஞ்ச நேரம் இருப்பார்கள். வெளியே வரும்போது சாமி கும்பிட்டு வந்த மாதிரி ஒரு முகம். ஏகாம்பரம் கேட்பான்.

"ஓடுதா?"

"ஓடுது."

எல்லாரும் ஒரே மாதிரி, தரையைப் பார்த்துக்கொண்டுதான் சொல்வார்கள். அதைப் பவளம் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

ஆவணியில் பழையசீவரத்தில் அவள் தங்கச்சி பேத்திக்குக் காதுகுத்து. போகாமல் இருந்தால் தங்கச்சி உறவையே அறுத்துவிடுவாள். போனால் சக்கரம் நின்றுவிடும். பவளம் பஸ் ஏறும்போது அழுதாள். அம்மா வீட்டை விட்டு வந்தபோதுகூட அப்படி அழுததில்லை. காது குத்தியபோது குழந்தையைவிட இவள்தான் அதிகம் அழுதாள் என்று அங்கே எல்லாரும் பேசிக்கொண்டார்கள். தங்கிவிட்டுத் திரும்பி வந்தவள், பையைக் கூட வைக்காமல் கொட்டகைக்கு ஓடித் திரையை விலக்கினாள்.

சக்கரம் ஓடிக்கொண்டிருந்தது.

அவள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். ஒருவேளை கண் ஏமாற்றுகிறதோ என்று மறுநாள் ஒரு சோதனை வைத்தாள். கையை முந்தானைக்குள் முடிந்துகொண்ட மாதிரி, காலையிலிருந்து அந்தப் பக்கமே போகவில்லை. உச்சி வெயிலில் போய்ப் பார்த்தாள், ஓடியது. சாயங்காலம் பார்த்தாள், அப்போதும் ஓடியது. பவளத்துக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. "அடப்பாவி மனுசா, நெஜமாவே கண்டுபுடிச்சிட்டியா?" என்று அந்த மணல் பாட்டில்களிடம் கேட்டாள். இத்தனை நாள் தான் தள்ளியதெல்லாம் வீண் வேலை என்று வெட்கமாக இருந்தது. புருஷனை நம்பாத பெண்டாட்டி என்று தன்னையே நாலு திட்டு திட்டிக்கொண்டு, அன்றோடு தள்ளுவதை விட்டுவிட்டாள்.

நம்பிக்கை வந்த பிறகு பேராசையும் வந்தது. இவ்வளவு பெரிய காரியத்தைச் செய்தவன் அதைக் கண்ணால் பார்க்க வேண்டாமா? திரைக்கு இந்தப் பக்கம் நின்று "ஓடுதா" என்று கேட்கும்போது அவன் கழுத்து கொஞ்சம் முன்னால் நீளும். பிறகு தானாகவே திரும்பிக்கொள்ளும். அதைப் பார்க்கப் பார்க்கப் பவளத்துக்கு மனசு ஆறவில்லை.

ஆயுத பூஜை வந்தது. வழக்கு ஒன்றையும் கூட்டிக்கொண்டு வந்தது.

"மில்ல நிறுத்திட்டேன். டிராக்டரு நின்னுட்சி. அரிவா, மம்டி, தையல் மிஷின் எல்லாம் சாமி கிட்ட கீது" என்றான் தாமோதரன். "இன்னிக்கு ஆயுதத்துக்கு ரெஸ்ட்டு. உன் சக்கரம் மட்டும் ஓடினா இன்னா நாயம், ஏகாம்பரம்? சரஸ்வதி கோச்சிக்கினா, அப்பறம் ஊர்ல ஒரு மோட்டாரு ஓடாது."

"நிக்காத மிஷின எப்பிடி நைனா நிறுத்தறது?" என்று ஏகாம்பரம் கேட்டான். "நிறுத்த முடிஞ்சா அது நிக்காத மிஷினா?"

கோயில் வாசலில் பேசி ஒரு முடிவுக்கு வந்தார்கள். சக்கரம் அதன் இஷ்டத்துக்கு ஓடட்டும். சந்தனம் குங்குமம் வைத்துக் கற்பூரம் காட்டிவிட வேண்டும். அதற்குப் பிறகு, மற்ற ஆயுதங்களைப் போலவே, மறுநாள் காலை வரை அதன் மேல் ஒரு கை படக் கூடாது. அப்போதுதான் பவளம் வாயைத் திறந்தாள்.

"பூஜைன்னா தெரைய அவுக்கணும். எல்லாரும் ஒண்ணா பாக்கட்டும்" என்றாள். புருஷன் பக்கம் திரும்பி, "நீயும் வாய்யா. இம்மாங் கண்ணுங்க நடுவுல உன் ஒருத்தன் கண்ணு இன்னா பண்ணிடும்? அதான் பூசணிக்கா சுத்தி ஒடைக்கப் போறாங்களே" என்றாள்.

ஏகாம்பரம் மறுக்கத்தான் பார்த்தான். ஆனால் கழுத்து அதற்குள் முன்னால் நீண்டுவிட்டது. தலைக்கு எண்ணெய் வைத்துக் குளித்து, வெளுத்த வேட்டி கட்டி, மாப்பிள்ளை அழைப்புக்குப் போகிறவன் மாதிரி கொட்டகைக்கு வந்தான். ஊரும் வந்தது. பவளம் திரையை அவிழ்த்தாள்.

சக்கரம் அழகாக ஓடிக்கொண்டிருந்தது. பாட்டில்களில் மணல் சரசரவென்று சரிந்தது. ஏகாம்பரம் இரண்டு கையையும் கூப்பிக்கொண்டான். கண்ணில் தண்ணீர் நின்றது. அந்த ஒரு நிமிடத்துக்காகப் பவளம் இன்னும் எத்தனை வருஷம் வேண்டுமானாலும் சாணி வாரியிருப்பாள். கம்பத்துக்குச் சந்தனம் பூசி, குங்குமம் வைத்தாள். வாழைக்கன்று கட்டியிருந்தது, பொரி கடலை படைத்திருந்தது. கற்பூரம் காட்டினார்கள். பூசணிக்காயைச் சுற்றித் தெருவில் உடைத்துவிட்டு வந்தார்கள்.

வந்து பார்த்தால் மணல் சரிகிற சத்தம் விட்டு விட்டுக் கேட்டது.

சக்கரம் நிதானமாகச் சுற்றியது, பிறகு இன்னும் நிதானமாக. தாமோதரனின் வலது கை தானாக முன்னால் போனது. இடது கையால் அதைப் பிடித்து இழுத்துக்கொண்டான். தமிழ்ச்செல்வி டீச்சர் வளையலைச் சுற்றிச் சுற்றிக் கழற்றிவிட்டார். கூட்டம் முழுக்க ஒரே கை அரிப்பு. பவளம் பொறுக்க முடியாமல் ஒரு எட்டு எடுத்து வைத்தாள்.

"கை வெக்காத பவளம்! குங்குமம் வெச்சாச்சி!" என்று நாலைந்து பேர் ஒரே சமயத்தில் கத்தினார்கள்.

அவள் கையை இழுத்துக்கொண்டாள். சக்கரம் இன்னொரு சுற்றுக்குப் பாதி தூரம் போய், முடியாமல், கொஞ்சம் பின்னால் வந்து நின்றது.

"ஐயோ!" என்று அம்சா வாயில் அடித்துக்கொண்டாள். "என் கண்ணுதான் யக்கா! கொள்ளிக் கண்ணு! நான் எப்ப உள்ள போனாலும் இது நின்னுடும். என்னாலதான் நின்னுட்சின்னு பேரு வந்துடக் கூடாதேன்னு, டெய்லி நானே தள்ளி வுட்டுட்டு வருவேன்!"

"இன்னாது, உன் கண்ணா?" தாமோதரனுக்கு ரோஷம் வந்துவிட்டது. "என் கண்ணு பட்டு எங்க சித்தப்பன் வூட்டு முருங்க மரமே பட்டுப்போச்சி, தெரியுமா? நின்னது எனக்கு! போகச் சொல்ல ஒரு தள்ளு, வரச் சொல்ல ஒரு தள்ளு, தோள்பட்டையே வூந்துபோச்சி எனக்கு!"

"எனக்கு திருஷ்டியிலெல்லாம் நம்பிக்கை இல்ல" என்றார் தமிழ்ச்செல்வி டீச்சர். "உராய்வுன்னு ஒண்ணு கீது. ஆனா நான் பாக்க சொல்லோ நின்னுட்டா, டீச்சர் கண்ணு பொல்லாதுன்னு புள்ளைங்கள பள்ளிக்கூடம் அனுப்ப மாட்டாங்களே. அதனால…" என்று தள்ளுகிற மாதிரி காற்றில் கையைக் காட்டினார்.

அவ்வளவுதான். பின்வரிசையிலிருந்து ஒவ்வொருவராக ஒப்புக்கொள்ள ஆரம்பித்தார்கள். கூட்டம் சண்டையாக மாறியது. யார் கண் அதிகப் பொல்லாதது என்பதில் ஒருவரும் விட்டுக்கொடுக்கவில்லை. யார் கண் பட்டு எந்தப் பசு பால் வற்றியது, யார் பார்த்து எந்தச் சுவர் விழுந்தது என்று ஊர்ச் சரித்திரமே வெளியே வந்தது. இத்தனை சத்தத்தில் ஏகாம்பரம் எழுந்து போனதைப் பவளம் மட்டும்தான் பார்த்தாள்.

உள்ளே போனால், சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தான்.

அதே முதுகு. திரையை அவிழ்க்கச் சொன்ன தன் நாக்கை அறுத்துப் போடலாம் போலிருந்தது பவளத்துக்கு. பக்கத்தில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். முதல் நாள் தள்ளியதே தான்தான், அவன் கண்ணில் ஒரு குற்றமும் இல்லை, ஏமாற்ற நினைக்கவில்லை, அவன் பேச வேண்டும் என்றுதான் செய்தது என்றாள். அந்த முதுகு அசையவில்லை. தட்டில் வைத்த பொரி நமுத்துப்போனது.

விஜயதசமி காலையில் அவள் கண் விழித்தபோது பாய் காலியாக இருந்தது. கிணற்றடியில் பார்த்தாள், இல்லை. கொட்டகைக்கு ஓடினாள். அங்கே, மாட்டைக் கட்டி வைக்கோல் பிரியால் முதுகு தேய்த்துக் கழுவிக்கொண்டிருந்தான். மூலையில் நைலக்ஸ் திரை மறுபடியும் கட்டியிருந்தது. அவன் அதற்கு முதுகைக் காட்டி நின்றான். அவள் வந்த சத்தம் கேட்டும் திரும்பவில்லை.

"ஏமே" என்றான். "ஓடுதா, பாரு."

பவளத்துக்கு முதலில் அவன் கேட்டது புரியவில்லை. புரிந்ததும் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள். திரையை விலக்கி உள்ளே நுழைந்தாள்.

உள்ளே நிற்க இடமில்லை. தாமோதரன், அம்சா, தமிழ்ச்செல்வி டீச்சர் மூன்று பேரும் ஒருவரையொருவர் இடித்துக்கொண்டு, மூச்சு வாங்கிக்கொண்டு நின்றார்கள். சக்கரம் இதுவரை ஓடாத வேகத்தில் ஓடியது. பாட்டில்கள் கடகடவென்று ஆடின.

"விடிஞ்சாச்சி, இனிமே கை வெக்கலாம்னு வந்தோம்" என்று தாமோதரன் குசுகுசுத்தான். "தனித்தனியாதான் வந்தோம். வந்தா உம் புருசன் நின்னுக்கினு இருந்தாரு. ஒரு வார்த்த பேசல. எங்கள உள்ள வுட்டு, அவரே தெரைய இழுத்துக் கட்டிட்டாரு."

அம்சா ஒதுங்கி இடம் விட்டாள். பவளம் சந்தில் இரண்டு கையையும் நீட்டி, ஓடுகிற சக்கரத்தை இன்னும் ஒரு தள்ளு தள்ளினாள். கண்ணைத் துடைக்க மூன்றாவது கை வேண்டியிருந்தது.

"ஓடுதா?" என்று வெளியிலிருந்து மறுபடியும் குரல் வந்தது.

"ஓடுது!" என்று உள்ளேயிருந்து நாலு பேரும் சேர்ந்து சொன்னார்கள்.

"அப்ப சரி" என்றான் ஏகாம்பரம். மாட்டின் மேல் ஒரு செம்பு தண்ணீர் விழுகிற சத்தம் கேட்டது. "நாஷ்டாவுக்கு இன்னாமே பண்ணிக்கீற?"